மேப்பைப் பாக்கறதுக்கு முன்னாடி மணியைப் பாக்கணும்: ரங்கூன் ஆத்துலயும் டெல்டா ஓடைகள்லயும் தரைதட்டாம போட் ஓட்டறது

கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறி வர்றதை ஏத்தம்னும், திரும்ப இறங்கிப் போறதை வத்தம்னும் சொல்றோம். பர்மாவுல ரங்கூன் ஆத்துல அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வர்ற பெரிய ஏத்தத்துல தண்ணி மட்டம் சராசரியா 5.85 மீட்டர் ஏறி இறங்குது, அஷ்டமி நவமி பக்கம் வந்தா அதே ஆத்துல 2.55 மீட்டர்தான். நம்ம தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்த சென்னைக் கரையில பெரிய ஏத்தத்துக்கே ஒரு மீட்டர் சுமார்தான் வித்தியாசம், அதனால கடல்புரத்துலேர்ந்து வந்த குடும்பங்களுக்குக்கூட இந்த ஆத்தோட குணம் புதுசுதான், இங்க வந்துதான் கத்துக்கிட்டாங்க. டாலா, சிரியம், துவாந்தே, பியாப்போன், போகலேன்னு போட்டுல போய் வர்ற நம்ம ஆளுங்க இன்னைக்கும் இருக்காங்க, சாமான் ஏத்திக்கிட்டு போறவங்க, நெல்லு எடுத்துட்டு வர்றவங்க, கோவில் திருவிழாவுக்கு குடும்பத்தோட போறவங்க. இப்ப பசங்க போன்ல மேப்பைத் திறந்து வச்சிட்டு நீலமா தெரியற இடமெல்லாம் தண்ணின்னு நம்பி ஓட்டறாங்க, அதைப் பாத்தா வயித்தைக் கலக்குது, அதான் கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

போன்ல இருக்கற ஜிபிஎஸ் நீங்க எங்க இருக்கீங்கன்னு சரியா சொல்லிடும், அதுல சந்தேகமே வேணாம். உங்க போட்டுக்கு கீழ இந்த நிமிஷம் எத்தனை அடி தண்ணி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. காலைல 7 மணிக்கு 4 மீட்டர் தண்ணி இருந்த அதே இடத்துல மத்தியானம் நாரை நிக்கும். அதனால இந்தப் பக்கத்துல ஆழம் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி மணி என்ன, என்ன திதின்னு கேக்கணும், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல இந்த மண்ணு எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடுவோம், அது புரிஞ்சாதான் திட்டு ஏன் இடம் மாறுதுன்னு புரியும். ஐராவதி கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர் ஓடி வந்து டெல்டாவுல பல வாயா பிரிஞ்சு கடல்ல சேருது, உலகத்துலயே அதிகமா சேறு சுமந்து வர்ற ஆறுகள்ல அது ஒண்ணு. ராபர்ட் கார்டன்னு ஒரு இஞ்சினியர் 1870கள்ல பல வருஷம் உக்காந்து இந்த ஆத்தோட தண்ணியையும் வண்டலையும் அளந்து வச்சாரு, அந்த அளவுகளை 2007ல திரும்ப எடுத்து ஆராய்ச்சி பண்ணவங்க வருஷத்துக்கு சுமார் 36 கோடி டன் வண்டல்னு கணக்கு சொன்னாங்க. அதுல பெரும்பகுதி மழைக்கால மாசங்கள்லதான் இறங்குது. நல்ல தண்ணியில தனித்தனியா மிதந்து வர்ற நுண்ணுசான சேத்துத் துகளெல்லாம் உப்புத் தண்ணியைத் தொட்டவுடனே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டி கட்டியா ஆகி கனத்துல கீழ இறங்க ஆரம்பிச்சிடும், அதனாலதான் கடலும் ஆறும் சேர்ற இடத்துல மேடு போடுது.

ஆனா இறங்கின சேறு அங்கயே சும்மா கிடக்கறதில்ல. ரங்கூன் ஆறு போய்ச் சேர்ற மார்த்தபான் வளைகுடா முழுக்க ஏத்த வத்தத்துல கலங்கிக்கிட்டே இருக்கு, பெரிய ஏத்த நாள்ல அந்தக் கலங்கல் 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல பரவி நிக்குது, சின்ன ஏத்த நாள்ல 15,000க்கு கீழ சுருங்கிடுது, சேட்டிலைட் படத்துலயே இது தெரியும். கலங்கி நிக்கற இந்தச் சேத்தை ஏத்தம் தள்ளிக்கிட்டு ஆத்துக்குள்ள மேல ஏறும், வத்தம் திரும்ப இழுத்துட்டுப் போகும். இங்க ஏத்தம் நேரம் குறைச்சலா வேகமா வரும், வத்தம் நேரம் எடுத்து மெதுவா இறங்கும், அதனால மழை இல்லாத மாசங்கள்ல மேல தள்ளி வந்ததெல்லாம் திரும்பிப் போகாம உள்ளயே படிஞ்சு மேடாகும், அப்புறம் மழைக்காலத்துல மேல இருந்து வர்ற வெள்ளம் அதை அறுத்து வேற இடத்துல கொண்டு போய் போடும். போன வருஷம் பங்குனியில நல்லா போன வழி இந்த வருஷம் ஐப்பசியில இல்லாமப் போறதுக்குக் காரணம் இதுதான், யாரோட தப்பும் இல்ல, ஆறு அப்படித்தான் உயிரோட இருக்கு.

ரங்கூன் துறைமுகத்துக்கே இந்தப் பாடு உண்டு. மங்க்கி பாயிண்ட் கிட்ட ரங்கூன் ஆறு, பெகு ஆறு, பொசுண்டாங் ஓடைன்னு மூணு தண்ணி சேருது, சேர்ற இடத்துல ஒண்ணோட வேகத்தை ஒண்ணு அடக்குது, வேகம் செத்த இடத்துல சேறு உக்காந்துடுது. கடல்லேர்ந்து சுமார் 32 கிலோமீட்டர் உள்ள இருக்கற துறைமுகம், அதுக்கு வர்ற பெரிய கப்பல் ஆத்து வாய்க்கு வெளிய ஒரு மேடு, மங்க்கி பாயிண்ட்ல இன்னொரு மேடு, ரெண்டையும் ஏத்தம் பாத்துதான் தாண்டணும், டிராஃப்ட், அதாவது கப்பலோட அடி தண்ணிக்குள்ள இறங்கியிருக்கற ஆழம், 9 மீட்டர்ங்கறதுதான் ரொம்ப காலமா வரம்பா இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துல ஆறு மேற்குக் கரையை அறுத்துக்கிட்டே போய் ஆழமான தண்ணி ஊர்ப்பக்கத்து வார்ஃபை விட்டே விலகிப் போற மாதிரி ஆயிடுச்சு, அதைத் தடுக்கத்தான் 1910லேர்ந்து 1914 வரைக்கும் ஜார்ஜ் புக்கானன்ங்கற இஞ்சினியர் தலைமையில ஆத்துக்குள்ள ரெண்டு மைல் நீளத்துக்கு கல்லுச் சுவர் போட்டாங்க. ஒரு துறைமுகத்தையே காப்பாத்தறதுக்கு அவ்வளவு கல்லைக் கொட்ட வேண்டியிருந்ததுன்னா, யாரும் சுவர் போடாத ஒரு டெல்டா ஓடை எவ்வளவு சுதந்திரமா நகரும்னு யோசிச்சுப் பாருங்க. கடல் போக்குவரத்துக் கப்பலுக்கு கூட ஏறி வழி காட்டற பைலட் கட்டாயம், துறைமுகக்காரங்க வழி நகர நகர, வழியைக் குறிக்க மிதக்க விட்டிருக்கற போயாவை நகர்த்தி வைக்கறாங்க. சின்ன போட்டுக்கு அந்த வசதி எதுவும் இல்ல, நம்ம கண்ணும் கழியும்தான்.

ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, ஏத்தம் போற வழியும் வத்தம் வர்ற வழியும் வேற வேற. ஆத்து வாய்கிட்ட அகலமான இடத்துல பாத்தீங்கன்னா உள்ள வர்ற தண்ணி ஒரு பக்கமா ஒரு பள்ளத்தைத் தோண்டி வச்சிருக்கும், வெளிய போற தண்ணி இன்னொரு பக்கமா தனியா ஒரு பள்ளம் வச்சிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல நீளமா ஒரு திட்டு கிடக்கும். ஏத்தம் தோண்டின பள்ளம் கடல் பக்கம் வாய் நல்லா அகலமா ஆழமா இருக்கும், உள்ள போகப் போக ஆழம் குறைஞ்சு கடைசியில திட்டுலயே முட்டி முடிஞ்சிடும். கடல்லேர்ந்து உள்ள வர்றவன் "ஆஹா இங்க நல்ல ஆழம்"னு அதுலயே நம்பி வந்தா கடைசியில மாட்டிக்குவான், அதுவும் ஏத்தம் முடியற நேரத்துல. வத்தத்தோட பள்ளம் ஆத்துப் பக்கம் தொடர்ச்சியா இருக்கும், கடல் வாய்ல வந்து மேடு போட்டிருக்கும். அதனால எவ்வளவு ஆழம்ங்கறதோட, இது எந்தத் தண்ணி தோண்டின பள்ளம்னும் தெரியணும், தெரியலன்னா வத்தம் நல்லா ஓடற நேரத்துல கரையிலேர்ந்து பாருங்க, எங்க வேகமா கோடு போட்டு இழுக்குதோ அதுதான் வத்தத்து வழி.

ஆத்து வளைவுல வெளிக்கரை ஆழம், உள்கரை மேடு, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஒரு வளைவு முடிஞ்சு அடுத்த வளைவு எதிர்ப்பக்கமா திரும்பும்போது ஆழம் ஒரு கரையிலேர்ந்து இன்னொரு கரைக்கு தாண்டுற இடம்தான் மோசம், அங்க நடுவுல எல்லாமே ஆழம் குறைச்சல், தரைதட்டறதுல நிறைய அங்கதான் நடக்குது. அதே மாதிரி ரெண்டு ஆத்தை இணைக்கற ஓடைகள்ல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஏத்தம் உள்ள வரும், ரெண்டும் சந்திக்கற இடத்துல தண்ணி ஓடாம நின்னுடும், நின்ன இடத்துல சேறு படியும். அந்த மாதிரி ஓடையில போகும்போது நடுவுல எந்த இடம்னு ஊர்க்காரங்க கிட்ட கேட்டு வச்சிக்கணும், அங்க போய்ச் சேரும்போது ஏத்தம் முழுசா இருக்கற மாதிரி கிளம்பற நேரத்தைக் கணக்கு பண்ணணும்.

இப்ப நேரக் கணக்கு. மாலுமிங்க வச்சிருக்கற பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, ஆறு மணி நேரத்துல தண்ணி ஏறுதுன்னா மொத்த ஏத்தத்தை 12 பங்கா வச்சிக்கணும், முதல் மணி நேரத்துல 1 பங்கு, ரெண்டாவதுல 2, மூணாவதுல 3, நாலாவதுல 3, அஞ்சாவதுல 2, கடைசியில 1. அதாவது நடு ரெண்டு மணி நேரத்துல மட்டும் பாதித் தண்ணி ஏறி இறங்கிடும். 5.85 மீட்டருக்கு இதைப் போட்டுப் பாத்தா நடுவுல ஒரு மணிக்கு ஒண்ணரை மீட்டர், நிமிஷத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர்கிட்ட. வத்தத்துல ஒரு போட் மேட்டுல ஏறி நின்னு, "என்னடா ஆச்சு"ன்னு எல்லாரும் எட்டிப் பாத்து, ஒருத்தர் மேல ஒருத்தர் கத்தி, கழியைத் தேடி எடுக்கறதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடும், அந்தப் பத்து நிமிஷத்துல கால் மீட்டர் தண்ணி போயாச்சு. முக்கால் மீட்டர் டிராஃப்ட் இருக்கற போட்டுன்னா அரை மணி நேரத்துல சுத்தமா காஞ்ச சேத்துல நிக்கும், அப்புறம் பல மணி நேரம் உக்காந்திருக்க வேண்டியதுதான். இந்த 12 பங்குக் கணக்கு ஏத்தமும் வத்தமும் சமமா இருக்கற கடலுக்கு சரி, நம்ம ஆத்துல ஏத்தம் சீக்கிரம் முடிஞ்சிடும், வத்தம் நீளும், மழைக்காலத்துல அது இன்னும் ஜாஸ்தி, அதனால ஏறும்போது கணக்குல வர்றதை விட வேகமா ஏறும்னு வச்சிக்கிட்டு கிளம்பணும்.

இதிலேர்ந்து வர்ற முடிவு ரொம்ப எளிசு, தெரியாத மேட்டை ஏறுற தண்ணியில தாண்டணும். ஏத்தத்துல தட்டினா கொஞ்ச நேரத்துல தண்ணியே தூக்கி விட்டுடும், வத்தத்துல தட்டினா ஒவ்வொரு நிமிஷமும் நமக்கு எதிரி. அதுக்காக ஏத்தம் தொடங்கினவுடனேயும் வேணாம், அப்ப மேட்டுல தண்ணியே இருக்காது, ஓட்டமும் முரட்டுத்தனமா இருக்கும். நான் சொல்றது முக்கால் ஏத்தம், முழு ஏத்தத்துக்கு ஒரு ஒண்ணரை மணி முன்னாடி. உச்சி ஏத்தத்துல ஏன் வேணாம்னா, அப்ப தட்டினா மேல தூக்கறதுக்கு தண்ணி பாக்கி இருக்காது. அதுவும் அமாவாசைக்கு மூணாம் நாள் நாலாம் நாள்ல உச்சி ஏத்தத்துல போய் மேட்டுல ஏறிட்டா அதுதான் ரொம்ப மோசம், ஏன்னா பெரிய ஏத்தம் அமாவாசை பௌர்ணமிக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் உச்சம், அதுக்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளை விடக் குறைச்சலாதான் ஏறும், அடுத்த பெரிய ஏத்தம் வர ரெண்டு வாரம் ஆகும், அது வரைக்கும் போட் அங்கயே கிடக்கணும், சரக்கு அழுகணும்.

முழு ஏத்தம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகுது. ஆத்து வாய்ல இருக்கற எலிபெண்ட் பாயிண்ட்ல முழு ஏத்தம் ஆகி அதுக்கு அப்புறம்தான் ரங்கூன்ல ஆகும், இன்னும் மேல ஓடைக்குள்ள போகப் போக இன்னும் தாமதம். ஏத்த வத்த நேரம் போட்ட டைட் டேபிள்ல ரங்கூனுக்குப் போட்ட நேரத்தை வச்சிக்கிட்டு ஆத்து வாய்க்குப் போனா அங்க வத்தம் ஏற்கனவே ஆரம்பிச்சிருக்கும், இது அடிக்கடி நடக்கற குழப்பம். டைட் டேபிள் கையில இல்லன்னாலும் வீட்டுச் சுவர்ல தொங்கற பர்மா காலண்டர்ல பௌர்ணமி குறிச்சிருக்கும், பஞ்சாங்கம் இருந்தா இன்னும் நல்லது, திதியைப் பாத்து இன்னைக்கு ஏத்தம் பெரிசா சின்னதான்னு சொல்லிடலாம், நேரத்தை ஒரு நாள் ஜெட்டியில நின்னு குறிச்சிக்கிட்டா மறுநாளைக்கு 50 நிமிஷம் கூட்டிக்கலாம். இதைப் பழைய ஆளுங்க விஷயம்னு தள்ளாதீங்க, இந்தத் தண்ணியை நிலாதான் இழுக்குது.

அடுத்தது கழி. சத்தத்தை அனுப்பி ஆழம் அளக்கற எக்கோ சவுண்டர் நல்ல சாமான்தான், வாங்க முடிஞ்சவங்க வாங்குங்க, ஆனா நம்ம தண்ணியில அடியில ஒரு கெட்டியான தரை எல்லா இடத்துலயும் இருக்கறதில்ல, கஞ்சி மாதிரி இளகின சேறு ஒரு மீட்டர் தடிமனுக்குக்கூட நிக்கும். சின்ன போட்டுல வர்ற சவுண்டர் அதிகமான அலைவரிசையில வேலை செய்யும், அது இளகின சேத்தோட மேல்பரப்பையே தரைன்னு காட்டிடும், சில நேரம் நடுத் தண்ணியில திரண்டு நிக்கற கலங்கலையே தரைன்னு நம்பரைத் துள்ளவிடும். மூங்கில் கழியில அந்தக் குழப்பம் இல்ல. மூணரை நாலு மீட்டர் நீளத்துக்கு நேரான மூங்கில் ஒண்ணு எடுத்து, நம்ம போட்டோட டிராஃப்ட் எவ்வளவோ அந்த இடத்துல சிவப்பா ஒரு பட்டை, அதுக்கு மேல அரை அரை மீட்டருக்கு வெள்ளை கறுப்புன்னு மாத்தி மாத்தி பட்டை அடிச்சு வச்சிக்கணும். டிராஃப்ட்டை லோடு ஏத்தினதுக்கு அப்புறம் அமரத்துல, அதாவது போட்டோட பின்பக்கம் அளக்கணும், காலி போட்டுல முன்பக்கம் அணியத்துல அளந்த கணக்கு எதுக்கும் உதவாது, இஞ்சின் இருக்கற பின்பக்கம்தான் ஆழமா இறங்கியிருக்கும். ஒரு ஆள் அணியத்துல நின்னு ஓட்டத்துக்கு முன்னாடி சாய்ச்சு குத்தணும், போட் அதுக்கு நேரா வரும்போது கழி நிமிர்ந்து நிக்கும், அப்ப படிக்கணும், பட்டையை சத்தமா சொல்லணும், சுக்கான்ல இருக்கறவன் கேட்டேன்னு பதில் சொல்லணும்.

கழி ஆழத்தோட தரையையும் சொல்லும். சேறுன்னா கழி மெத்துனு இறங்கும், இழுக்கும்போது பிடிச்சு வச்சிக்கும். மணல்னா டக்குன்னு நிக்கும், கையில நறநறன்னு ஒரு அதிர்வு வரும். சேத்துல தட்டினா போட்டுக்கு சேதம் கம்மி, இழுத்து எடுக்கறது கஷ்டம், இஞ்சினுக்குத் தண்ணி உறிஞ்சற குழாய்ல சேறு ஏறி சூடாகி நின்னுடும். மணல்ல தட்டினா அலை இருந்தா பலகையே பிளக்கும். கழி எட்டாத இடத்துக்கு ஈயக்குண்டு கட்டின கயிறு, குண்டோட அடியில ஒரு குழி இருக்கும், அதுல சவுக்காரத்தையோ கொழுப்பையோ அப்பி விட்டா தரையில இருக்கறது ஒட்டிக்கிட்டு மேல வரும், எடுத்து விரல்ல தேச்சுப் பாத்தா சேறா மணலா சிப்பியான்னு தெரிஞ்சிடும். ரெண்டு மூணு வாட்டி எடுத்துப் பாத்தீங்கன்னா வழியிலேர்ந்து விலகறோமான்னு ஆழத்துக்கு முன்னாடியே அது சொல்லும், பள்ளத்துல சேறு இருந்து மேட்டுல மணல் வந்தா ஓரத்துக்கு வந்துட்டோம்னு அர்த்தம்.

பவளத் தண்ணியில ஓட்டறவங்க மேல நின்னு நிறத்தைப் பாத்தே ஆழம் சொல்வாங்க, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, இங்க அரை அடிக்குக் கீழ எதுவும் தெரியாது. மேல்தண்ணியோட நடத்தையைத்தான் படிக்கணும். ஓட்டம் நல்லா இருக்கும்போது மேடு இருக்கற இடத்துல தண்ணி சுருக்கம் சுருக்கமா சின்னச் சின்ன அலையா நடுங்கும், ஆழமான வழி வழவழன்னு கனமா ஓடும். ஆனா ஓட்டம் நின்ன நேரத்துல எல்லாம் ஒரே மாதிரி கண்ணாடி மாதிரி கிடக்கும், அப்ப எதையும் நம்பக்கூடாது. நுரையும் குப்பையும் கோடா நிக்கற இடம் ரெண்டு ஓட்டம் உரசற இடம், பெரும்பாலும் பள்ளத்தோட ஓரம். ஓட்டத்துல பெரிய வாய் போட்டு கட்டியிருக்கற புலிவாய் வலையைப் பாத்தா அங்க நல்ல ஆழமும் இழுப்பும் இருக்குன்னு தெரிஞ்சிக்கலாம், ஆனா அதுக்கு மேல ஓட்டிடாதீங்க, வலை புரப்பெல்லர்ல சுத்திக்கும், வலைக்காரனோட பொழப்பும் போகும். போயா போட்டிருக்கற வழியில கடல்லேர்ந்து உள்ள வரும்போது சிவப்பு இடது கைப்பக்கம், பச்சை வலது கைப்பக்கம்.

வேகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இதை நிறைய பேர் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க. ஆழம் குறைஞ்ச இடத்துல வேகமா அடிச்சா தாண்டிடலாம்னு நினைப்பு. போட் வேகமா போகும்போது அடியில இருக்கற தண்ணி இடுக்குல ஓட வேண்டியிருக்கு, அங்க அழுத்தம் குறைஞ்சு போட்டே கீழ இறங்கும், வேகம் ரெண்டு மடங்கானா இறக்கம் நாலு மடங்கு ஆகும். பின்பக்க அலை திடீர்னு உயர்ந்து கிட்ட வந்தா, இஞ்சின் சத்தம் அதேதான் ஆனா போட் தளர்ந்த மாதிரி தோணினா, சுக்கான் கனத்தா, அடி தரைக்கு பக்கத்துல வந்துடுச்சு, உடனே குறைக்கணும். மெதுவா போனா தட்டினாலும் லேசா தட்டும், பின்னால எடுத்துடலாம். துவாந்தே கால்வாய் மாதிரி இடத்துல இன்னொரு காரணமும் இருக்கு, 1880கள்ல வெட்டின அந்த 35 கிலோமீட்டர் கால்வாயோட கரையை அலை அரிச்சிக்கிட்டே இருக்கு, அரிக்கற கரை எங்க போகும், அதே கால்வாயோட அடிக்குத்தான் போகும்.

தட்டிடுச்சு, என்ன பண்றது. முதல்ல கியரை நியூட்ரல்ல போடுங்க, முன்னால த்ராட்டில் கொடுக்காதீங்க, அது இன்னும் மேட்டுலதான் ஏத்தும். ஏத்தமா வத்தமான்னு பாருங்க, உள்ள தண்ணி ஏறுதான்னு பாருங்க. வத்தம்னா அந்த முதல் ரெண்டு மூணு நிமிஷம்தான் உங்களுக்கு இருக்கு, வந்த வழிதான் ஆழம்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரே வழி, அணியம் தட்டியிருந்தா ஆளுங்களை அமரத்துக்கு நகரச் சொல்லி கழியால தள்ளி பின்னாடியே எடுக்கணும். ரிவர்ஸ்ல ரொம்ப நேரம் முடுக்கினா புரப்பெல்லர் கிளப்பற மணல் அடியிலயே குவிஞ்சிடும், வரலன்னா நிறுத்திடுங்க. கூட சம்பான்னு சின்னத் துடுப்புப் படகு இருந்தா நங்கூரத்தை அதுல வச்சு ஆழமான பக்கம் கொண்டு போய் போட்டு கயித்தை இறுக்கி கட்டுங்க, அடுத்த ஏத்தத்துல அதுதான் இழுக்கும், இல்லன்னா ஏத்தம் வந்து போட்டை இன்னும் மேட்டுக்கு உள்ள தள்ளி வச்சிடும்.

போட் காயப் போகுதுன்னு தெரிஞ்சிட்டா அது எந்தப் பக்கம் சாயணும்ங்கறதை நாமதான் முடிவு பண்ணணும், மேட்டுப் பக்கம் சாயணும். பள்ளத்துப் பக்கம் சாஞ்சு படுத்தா ஏத்தம் திரும்பி வரும்போது போட் மிதக்கறதுக்கு முன்னாடியே விளிம்பு வழியா தண்ணி உள்ள ஏறி மூழ்கிடும், இங்க ஏத்தம் வர்ற வேகத்துக்கு அது சில நிமிஷ வேலை. மூட்டைகளை மேட்டுப் பக்கம் நகர்த்தி, கழியை முட்டுக் கொடுத்து வச்சா போதும். ஆளுங்களை சேத்துல இறங்க விடாதீங்க, பாக்கறதுக்கு காஞ்ச தரை மாதிரி இருக்கும், இடுப்பு வரைக்கும் இழுத்துக்கும், ஏத்தம் வரும்போது காலை எடுக்க முடியாது. எல்லாரும் ஒரே பக்கம் ஓடக்கூடாது, லைஃப் ஜாக்கெட் அப்பவே போடணும், தட்டினது தெரிஞ்ச நிமிஷமே போடணும், குழந்தைங்களுக்கு முதல்ல.

ஆத்து வாய் தனி விஷயம். தென்மேற்கு மழைக்காத்து அடிக்கற மாசங்கள்ல கடல்லேர்ந்து அலை உள்ள வரும், வத்தம் வெளிய ஓடும், ரெண்டும் எதிரெதிரா மேட்டுக்கு மேல மோதினா அலை செங்குத்தா நின்னு உடையும். அலை ஒண்ணரை மீட்டர்னா அலையோட பள்ளம் வர்ற நேரத்துல மேட்டுல இருக்கற தண்ணியில முக்கால் மீட்டர் குறைஞ்சிடுது, போட் கீழ வந்து அடியோட குத்தும். அந்த மாசங்கள்ல சின்ன போட்டை வத்தத்துல வாய்க்கு வெளிய கொண்டு போகாதீங்க, எவ்வளவு அவசரம்னாலும் சரி. சிட்டாங் ஆத்து வாய் இன்னும் வேற, அங்க ஏத்தம் சுவர் மாதிரி எழும்பி வர்ற அலையாவே வரும், அதைத் தவிர்க்கறதுக்குத்தான் 1870கள்லயே பெகுவுக்கும் சிட்டாங்குக்கும் நடுவுல கால்வாய் வெட்டினாங்க. 2008 மே 2 ராத்திரி நர்கீஸ் வந்தப்ப டெல்டா என்ன ஆச்சுன்னு நம்ம யாருக்கும் சொல்லத் தேவையில்ல, புயல் எச்சரிக்கை வந்தா வாய்க்குக் கிட்டக்கூட போட்டை வைக்காம மேல நல்ல ஓடைக்குள்ள ஏத்திடணும்.

மோல்மேன் பக்கத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. சால்வீன் ஆறு பிலூ தீவைச் சுத்தி ரெண்டா பிரிஞ்சு கடலுக்குப் போகுது, வடக்கு வாய் திட்டு மயம், கப்பலெல்லாம் தெற்கு வாய் வழியாத்தான் வந்திருக்கு. அந்தத் தெற்கு வாய்ல கைக்கமி கடல் பகோடாவுக்குப் போற பாதை முழு ஏத்தத்துல தண்ணிக்குள்ள போயிடும், கும்பிட வர்ற பாட்டிகூட எத்தனை மணிக்குப் போனா எத்தனை மணிக்குள்ள திரும்பணும்னு விசாரிச்சிட்டுதான் படி இறங்கும்.

1865ல ஆரம்பிச்ச ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி 1920கள்ல 600 கப்பலுக்கு மேல வச்சிருந்தது, அவ்வளவு பெரிய கம்பெனியும் ஒரே பைலட்டை ஆறு முழுக்க ஓட்ட விடல, ஒவ்வொரு பகுதிக்கும் அந்தப் பகுதியிலயே தினமும் கிடக்கற ஆளை ஏத்திக்கிட்டாங்க, மூங்கில் குறி நட்டு வழி காட்டினாங்க, கப்பல் ஆளுங்களுக்குத் தலைவனான செராங்கும், சுக்கான் பிடிக்கற சுக்கானியும் பெரும்பாலும் சிட்டகாங்காரங்க, ஆழம் சொல்ற ஆள் அணியத்துல கழியோட நின்னு பாட்டு மாதிரி சத்தம் போட்டு சொல்லிக்கிட்டே வருவான். ஆத்துல மூங்கில் குறி நடறது இன்னைக்கும் அரசாங்க ஆறு பராமரிப்புக்காரங்க பண்றாங்க. டெல்டாவோட சின்ன ஓடைக்கு அதுவும் வராது, அங்க எதிர்ல வர்ற போட்தான் உங்களுக்கு ஆழம் காட்டற சார்ட். நிறுத்திக் கேளுங்க, வழி எப்படி இருக்குன்னு பொதுவா கேட்டா நல்லா இருக்குன்னுதான் பதில் வரும். அண்ணே, எத்தனை மணிக்கு அந்த வளைவைத் தாண்டினீங்க, எந்தக் கரையை ஒட்டி வந்தீங்க, எவ்வளவு லோடு, கழியில எத்தனை பட்டைன்னு கேளுங்க. அவர் சொன்ன ஆழத்தை அப்படியே எடுத்துக்காம, அவர் தாண்டின நேரத்துக்கும் நீங்க தாண்டப் போற நேரத்துக்கும் நடுவுல தண்ணி எவ்வளவு ஏறியிருக்கும் இறங்கியிருக்கும்னு கூட்டிக் கழிச்சு, உங்க டிராஃப்ட்ல பாதியாவது கீழ மிச்சம் நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் கியரைப் போடுங்க. அவர் கேட்டா நீங்க வந்த பக்கத்தையும் அதே மாதிரி மணியோட சொல்லுங்க.